உழைப்பின் விலை: இணையத் தொழில் புரிவோர்க்கு ஒரு கணக்குப் பாடம்

நெல் விற்பவர்க்கு மூட்டை அளவு. துணி விற்பவர்க்கு மீட்டர் அளவு. பொன் விற்பவர்க்குக் கிராம் அளவு. வாங்கிய விலை இன்னது, வண்டிச் சத்தம் இன்னது, விற்கும் விலை இன்னது என்று அவர்கள் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டிவிடுவர். அறிவையும் உழைப்பையும் விற்போர்க்கு அத்தகைய கண்கூடான அளவுகோல் இல்லை. ஆதலின் அவர்கள் தம் பொருளின் அடக்க விலையை அறியாமலே விலை கூறி, நட்டம் வந்த பின்னும் அது நட்டம் என்று அறியாமல் இருக்கின்றனர். இவ்வுண்மையை, இன்று நம் இளைஞர் பலர் வீட்டில் இருந்தபடியே செய்துவரும் ஒரு தொழிலை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அத்தொழிலை டிஜிட்டல் ஏஜென்சி என்கின்றனர். கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் இணையதளம் அமைத்துக் கொடுத்தல், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களைப் பராமரித்தல், கூகுளில் விளம்பரம் வெளியிடுதல், விளம்பரப் படங்கள் வரைதல் முதலியன அதன் பணிகள். பெயர்தான் ஏஜென்சி; பெரும்பாலும் ஒருவரே முதலாளி, ஒருவரே தொழிலாளி, கணக்கரும் அவரே. நாம் வகுப்பறையில் நின்றே காலம் கழித்தவர், இத்தொழிலைச் செய்தறியோம். ஆயினும் நம்மிடம் பயின்ற மாணவி ஒருத்தி தன் குறிப்பேடுகளோடு வந்து மூன்று மாலைப் பொழுதுகள் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தாள். அவளோடு கணக்குப் போட்டும், வரி பற்றிய ஐயங்களை ஒரு தணிக்கையாளரிடம் கேட்டும் நாம் அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

அம்மாணவி சென்னையில் ஒரு நிறுவனத்தில் எட்டாண்டுகள் பணியாற்றியவள். மாமியார் படுக்கையில் விழவே, வேலையை விட்டுத் திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள தன் ஊருக்குத் திரும்பி, வீட்டிலேயே இத்தொழிலைத் தொடங்கினாள். முதற்பணியாக அருகிலிருந்த தனியார் பள்ளி ஒன்று தனக்கு இணையதளம் வேண்டுமென்றது. பத்து நாள் வேலை என்று மனத்தில் எண்ணிக்கொண்டாள். மாதம் 30,000 ரூபாய் கிடைத்தால் போதும், ஆகவே நாளொன்றுக்கு 1,000 ரூபாய், பத்து நாளைக்குப் பத்தாயிரம், தளத்தின் பெயர்ப் பதிவுக்கும் ஹோஸ்டிங் என்னும் இடவாடகைக்கும் 4,500, புகைப்படக்காரருக்கு 3,000, இலாபம் 7,500. ஆக 25,000 ரூபாய் என்று விலை கூறினாள். பள்ளித் தாளாளர் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார். அவர் அவ்வளவு விரைவில் ஒப்புக்கொண்டபோதே தனக்கு ஓர் ஐயம் எழுந்ததென்று அவள் பின்னர்ச் சொன்னாள்.

வேலை முடிய 41 நாட்கள் ஆயின. பணம் ஏழு மாதமாகியும் வரவில்லை. வந்தாலும் என்ன? 25,000இல் வெளிச்செலவு 7,500ஐக் கழித்தால் எஞ்சுவது 17,500. அதனை 41ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 427 ரூபாய். அப்பொழுது அவள் வீட்டு மாடியில் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. சித்தாளுக்கு அவளே நாட்கூலியாக 600 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தாள். இக்கணக்கை நாம் பலகையில் எழுதியதும் அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “டீச்சர், கடையை மூடிவிட்டு மறுபடியும் சென்னைக்கே போய்விடலாமா என்று தோன்றுகிறது” என்றாள். அவள் போய்விட்டால் படுக்கையிலிருக்கும் மூதாட்டியை யார் பார்ப்பது என்பது அவ்வீட்டில் விடையில்லாத வினா. எனவே இஃது ஏட்டுக் கணக்கன்று; ஒரு குடும்பத்தின் கணக்கு என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகின்றோம்.

ஒரு நாளின் அடக்க விலை

அவள் செய்த முதற்பிழை முப்பதால் வகுத்தது. மாதத்தின் முப்பது நாளும் விற்பனைக்குரிய நாட்கள் அல்ல. ஆண்டின் 365 நாட்களில் ஞாயிற்றுக்கிழமைகள் 52 போக 313. பண்டிகை, நோய், உறவினர் வீட்டு நல்லது கெட்டது ஆகியவற்றுக்கு 25 நாட்கள் தள்ளினால் 288. அதாவது மாதத்துக்கு 24. இந்த 24 நாளும் கூலி தருமா எனின், அதுவுமில்லை. புதிய வாடிக்கையாளரைப் போய்ப் பார்த்தல், விலைப்புள்ளி எழுதுதல், கணக்கெழுதுதல், நிலுவைக்கு நடத்தல், புதிய கருவிகளைக் கற்றல் ஆகியவற்றுக்கு எவரும் பணம் தருவதில்லை. ஆசிரியப் பணியிலிருந்தோர் இதனை எளிதில் உணர்வர். நாள் முழுதும் ஐந்து பாடவேளைதானே என்று ஊரார் சொல்வர். கட்டுரை நோட்டுத் திருத்தியதும், வினாத்தாள் தயாரித்ததும், வருகைப் பதிவேடு கூட்டியதும் அவர்கள் கணக்கில் வாரா.

ஆகவே ஒரு மாதம் முழுவதும் தினமும் என்ன செய்தாய் என்று எழுதிவைக்கச் சொன்னோம். எழுதிவந்தாள். 24 வேலை நாட்களில் வாடிக்கையாளர் பணம் தரக்கூடிய வேலை நடந்தவை 14 நாட்களே. அம்மாதம் வழக்கமான மாதந்தானா என்று ஒன்றுக்கு இருமுறை கேட்டுத் தெளிந்தோம். அங்ஙனமாயின் ஆண்டுக்கு 14 × 12 = 168 நாட்கள். விற்பதற்கு அவளிடமுள்ள சரக்கு இவ்வளவே.

இனி ஆண்டுச் செலவு. வீட்டுக்கு மாதம் 30,000 வீதம் 3,60,000. 72,000 ரூபாய் மடிக்கணினி நான்காண்டு உழைக்கும் என்று கொண்டால் ஆண்டுத் தேய்மானம் 18,000. இணைய இணைப்பு 12,000. மென்பொருள்களுக்கு மாதச் சந்தா 2,500 வீதம் 30,000. மின்சாரம், தொலைபேசி, பேருந்துச் செலவு 18,000. கற்றலுக்கு 6,000. தணிக்கையாளருக்கு 12,000. குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு 24,000. கூட்டினால் 4,80,000. வேலையில்லாத மாதங்களும் வாராக் கடனும் எத்தொழிலிலும் உண்டு. அவற்றுக்காக நூற்றுக்குப் பதினைந்து வீதம் 72,000 சேர்த்தால் 5,52,000 ரூபாய். இதனை 168ஆல் வகுக்க, 3,286 வருகிறது. 3,300 என்று முழுமையாக்கிக் கொண்டோம்.

ஆயிரம் எங்கே, மூவாயிரத்து முந்நூறு எங்கே! இதில் பேராசை ஏதுமில்லை. இலாபம் என்ற சொல்லே இதில் இடம்பெறவில்லை. வாசகர்களுள் இத்தொழிலிலோ, இதுபோன்ற தையல், டியூஷன், மொழிபெயர்ப்பு முதலிய தனித்தொழில்களிலோ இருப்பவர்கள், மேற்கண்ட தொகைகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், தத்தம் தொகைகளை இட்டு இக்கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். சென்னையில் வாடகை வீட்டில் இருப்பவர்க்கு ஒரு விடை. ஊரில் சொந்த வீட்டில் இருப்பவர்க்கு வேறு விடை. தம் உழைப்புக்குச் செலவெழுதக் கூச்சப்படுவது பெண்களிடம் மிகுதி என்பது நம் அனுபவம். “வீட்டிலேதானே இருக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டு, செய்த வேலையைப் பாதியாகக் கணக்கிடுகிறார்கள். வீட்டிலிருந்து செய்தாலும் மின்கட்டண அளவி ஓடத்தான் செய்கிறது.

நாட்களைக் கணிக்கும் முறை

நாளின் விலை தெரிந்தது. நாட்களின் எண்ணிக்கை? பத்து என்று எண்ணியது 41 ஆனதன் காரணத்தை ஆராயப் புகுந்தோம். மிகுதியான 31 நாட்களை அவள் குறிப்பேட்டிலிருந்து பிரித்தெடுத்தோம். “தமிழிலும் இருக்கட்டும்” என்று பாதியிற் சொன்னதால் எல்லாப் பக்கங்களையும் மீண்டும் அமைத்தவை 9 நாட்கள். முகப்புப் பக்கத்தையும் வண்ணங்களையும் நான்குமுறை மாற்றியவை 8. முதலில் பேச்சில் இல்லாத மாணவர் சேர்க்கைப் படிவம் 6. வரவேண்டிய படங்களுக்கும் விவரங்களுக்கும் பள்ளிக்கு அலைந்தவை 5. வேலை தாமதமாகிறதென்று இரு கல்லூரி மாணவர்களைத் துணைக்கழைத்து, அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவை 3.

இந்தக் கடைசி மூன்று நாட்களைக் கண்டு நமக்கு நகைப்பு வந்தது. ஏனெனில் இதனை ஓர் அறிஞர் அரை நூற்றாண்டுக்கு முன்னரே எழுதிவைத்திருக்கின்றார். ஐ.பி.எம். நிறுவனத்தில் பெரியதொரு மென்பொருட் பணியை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் என்பார், 1975இல் வெளியிட்ட ‘தி மிதிக்கல் மேன்-மன்த்’ என்னும் நூலில், பிந்திப்போன மென்பொருட் பணிக்கு ஆட்களைக் கூட்டினால் அது மேலும் பிந்தும் என்று விளக்கினார். புதியவர்க்குக் கற்பிக்கப் பழையவர் தம் வேலையை நிறுத்த வேண்டும். ஆட்கள் பெருகப் பெருக ஒருவரோடொருவர் பேசவேண்டிய தொடர்புகளும் பெருகும். மூவர் இருப்பின் தொடர்புகள் மூன்று. அறுவர் இருப்பின் பதினைந்து. களையெடுக்கப் பத்துப்பேரை விட்டால் பத்துமடங்கு விரைவில் முடியும். இணையதளம் களைக்கொல்லை அன்று.

நாட்களைக் கணிக்க மற்றொரு வழியும் உண்டு. 1958ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை, பொலாரிஸ் என்னும் ஏவுகணையை உருவாக்கும் திட்டத்துக்காகப் பெர்ட் என்ற முறையை வகுத்தது. ஒரு வேலைக்கு எல்லாம் நன்றாக அமைந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை நாள், எல்லாம் கெட்டால் எத்தனை நாள் என்று மூன்று விடைகளை எழுத வேண்டும். நடுவிலுள்ளதை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். அப்பள்ளியின் தளத்துக்கு நன்றாயின் 8, வழக்கமாக 12, கெட்டால் 34 என்று கொள்வோம். 8 + 48 + 34 = 90; அதனை ஆறால் வகுக்க 15 நாட்கள். போர்க்கருவிக்கென்று பிறந்த கணக்கு ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பயன்படுவதில் நமக்கு மகிழ்ச்சியே.

இம்முறையின் சிறப்பு விடையில் இல்லை; மூன்றாவது வினாவில் இருக்கிறது. எல்லாம் கெட்டால் என்று கேட்டுக்கொள்ளும்போதே, எவையெவை கெடும் என்று மனம் எண்ணத் தொடங்குகிறது. படம் வராமற் போகலாம். தாளாளரின் தம்பி வெளிநாட்டிலிருந்து வந்து வேறு வண்ணம் கேட்கலாம். பின்னது உண்மையிலேயே நடந்தது.

எல்லை வரைதல்

ஆனால் 15 நாட்களும் போதவில்லையே, 41 அல்லவோ ஆயின எனின், எஞ்சியவை கணிப்புப் பிழையால் வந்தவை அல்ல. எல்லை வரையாமையால் வந்தவை. தமிழ்ப் பக்கங்களும் சேர்க்கைப் படிவமும் புதிய வேலைகள். அவற்றை அவள் பழைய விலைக்குள் செய்துகொடுத்தாள். ஏன் செய்தாய் என்று கேட்டோம். “சின்ன வேலைதானே மேடம் என்று சொன்னார்கள், மறுக்க வாய் வரவில்லை, டீச்சர்” என்றாள்.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நமக்கு முதலில் கற்பித்தது பாடக்குறிப்பு எழுதுதல். இப்பாடவேளையில் மாணவர் எதனைக் கற்பர் என்று எழுதினால் போதாது. எது அடுத்த பாடவேளைக்குரியது என்பதையும் எழுத வேண்டும் என்று நம் ஆசிரியை வற்புறுத்துவார். வேலைக்கான ஒப்பந்தமும் அத்தகையதே. செய்யப்படுவன எல்லோரும் எழுதுகின்றனர். செய்யப்படாதன எழுதுவோர் சிலரே. எத்தனை பக்கம், எம்மொழியில், எத்தனை முறை திருத்தம், எழுத்தும் படமும் யார் தருவது, எந்நாளுக்குள் தருவது, அவை தாமதமானால் முடிவு நாள் அத்தனை நாள் தள்ளிப்போகும் என்பது, இவையெல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். இவற்றினும் இன்றியமையாதது, வாடிக்கையாளர் பக்கத்தில் ஒப்புதல் சொல்பவர் ஒருவரே என்று அவர் பெயரைக் குறித்தல். தாளாளர் ஒன்று சொல்ல, தலைமையாசிரியை ஒன்று சொல்ல, தம்பி ஒன்று சொல்ல, மூவருக்கும் தலையாட்டியதில்தான் அந்த எட்டு நாட்களும் கரைந்தன.

இதன்பின் வாடிக்கையாளர் புதிதாக எதுவும் கேட்கக்கூடாதா? தாராளமாகக் கேட்கலாம். கேட்டவுடன் முகம் சுளிக்கவும் வேண்டா, சரியென்று சொல்லவும் வேண்டா. மாற்றக் குறிப்பு என்று ஒரு தாள் வைத்துக்கொண்டு, கேட்டது இன்னது, ஆகும் நாட்கள் இத்தனை, தொகை இவ்வளவு, முடிவு நாள் இவ்வளவு தள்ளும் என்று நான்கு வரி எழுதி, கையொப்பம் பெற்ற பிறகு கையிலெடுக்க வேண்டும். இலவசமாகச் செய்து கொடுக்க விரும்பினாலும் தொகையை எழுதி, அதற்குக் கீழே கழிவு என்று காட்டுதல் நன்று. இல்லையேல் கொடுத்தது கொடுத்ததாகவே தெரியாது.

விலை மிகுதி என்று வாடிக்கையாளர் சொன்னால் நாளின் விலையைக் குறைத்தல் பிழை. 15 நாட்களுக்கு 49,500 தர இயலாத பள்ளிக்குப் பன்னிரண்டு பக்கங்களுக்கு மாறாக ஐந்து பக்கத்தில் ஒரு தளம் அமைத்துத் தரலாம். அதே வேலையைக் குறைந்த விலைக்குத் தருவோர், முதலில் கூறிய விலை பொய் என்று தாமே ஒப்புக்கொள்கின்றனர். தள்ளுபடி கேட்பவர்மேல் குற்றமில்லை. காய்கறிக் கடையில் நாமும் கேட்கிறோம்.

மணிக்கணக்கில் வாங்குவதா, மொத்த விலை பேசுவதா, மாதச் சம்பளம்போல் பெறுவதா என்ற வினாவுக்கு ஒரே விடை இல்லை. மணிக்கணக்கு நேர்மையானதுபோல் தோன்றும்; ஆயினும் கைதேர்ந்தவர் இரண்டு மணியில் முடிப்பதைப் பழகாதவர் எட்டு மணியில் முடித்தால், திறமைக்குத் தண்டனை ஆகிறது. வேலையின் எல்லை தெளிவானால் மொத்த விலையும், விளம்பரப் பக்கங்களைப் பராமரித்தல் போன்று முடிவில்லாத வேலைக்கு மாதத் தொகையும், என்னவென்றே தெரியாத பழைய தளத்தைச் சீர்செய்தலுக்கு நாட்கணக்கும் பொருந்தும். வாடிக்கையாளர் அடையும் பயனைக் கொண்டு விலை கூறவேண்டும் என்றும் ஒரு கொள்கை உண்டு. அதாவது ஒரே உழைப்புக்கு நகைக்கடையில் ஒரு விலை, நூலகத்தில் ஒரு விலை. அதனை முழுதும் ஏற்க நம் மனம் துணியவில்லை. ஆளைப் பார்த்து விலை சொல்லும் பழக்கத்துக்கும் அதற்கும் இடையே உள்ள வரப்பு மிக மெல்லியது. மாணவிக்கு இதில் நம்மோடு உடன்பாடில்லை. அதனையும் பதிவு செய்கின்றோம்.

பணம் வரும் வழி

முன்பணம் பெறாமல் அவள் தொடங்கியது அடுத்த பிழை. பாதித் தொகை முன்னதாகவும், மாதிரி வடிவம் காட்டியபின் கால் பங்கும், தளம் வெளிவருமுன் கால் பங்கும் பெறுதல் பலரும் கைக்கொள்ளும் முறை. இடைத் தவணைகளுக்கு நாள் குறிக்க வேண்டும். ‘வேலை முடிந்தபின்’ என்று மட்டும் எழுதினால், வாடிக்கையாளர் ஒரு படத்தைத் தராமல் வைத்திருந்தே முடிவைத் தள்ளிப்போடலாம்.

விளம்பரப் பணம் பற்றி ஓர் எச்சரிக்கை. கூகுள், ஃபேஸ்புக் விளம்பரங்களுக்குரிய தொகையை வாடிக்கையாளரே தம் பெயரில் கணக்குத் தொடங்கித் தம் அட்டையின் வழியாகச் செலுத்துமாறு செய்தல் வேண்டும். நம் அட்டையில் செலுத்திவிட்டுப் பின்னர்க் கேட்பது, கூலியில்லாமல் கடன் கொடுப்பதே ஆகும். அத்தொகை நம் விற்றுவரவுக் கணக்கிலும் புகுந்து குழப்பும்.

வரிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். சேவை வழங்குவோர்க்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுவரவு 20 இலட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம், இத்தகைய பணிகளுக்கு வரி 18 விழுக்காடு. பதிவு செய்யாதவர் அவ்வரியை வசூலித்தல் கூடாது. பதிவு செய்தவர், கூறிய விலை வரி உட்பட்டதா, வரி நீங்கலானதா என்பதை முதல் தாளிலேயே எழுத வேண்டும். எழுதாவிடில் சச்சரவு உறுதி. நிறுவனங்கள் தொகை தரும்போது வருமானவரிப் பிடித்தம் செய்வதுண்டு. அதனைக் கண்டு அஞ்ச வேண்டா. அது நம் பெயரில் அரசுக்குச் சென்ற பணமே. ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்கையில் வரவாகும். ஆனால் வீட்டுச் செலவுக்கு அம்மாதம் கையில் இருக்காது என்பதை நினைவிற் கொள்க.

நிலுவை பற்றிய சட்டத்தைத்தான் நம் மாணவி அறியாதிருந்தாள். நாமும் அறியோம், தணிக்கையாளரே சொன்னார். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு, சிறு தொழில் புரிவோரிடம் பொருளோ சேவையோ பெற்றவர், எழுத்தில் ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணம் தர வேண்டும். அக்கெடு எவ்வாறாயினும் 45 நாட்களைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையேல் 15 நாட்கள். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும். முறையிடுவதற்கு மாநிலந்தோறும் வசதியாக்க மன்றம் உண்டு. அரசு இணையதளத்தின் வழியாகவே மனுச் செய்யலாம். 2020 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள ‘உத்யம்’ பதிவுக்குக் கட்டணம் ஏதுமில்லை. முதல் வேலைக்குக் கைவைக்கும் முன்னரே பதிந்துகொள்ள வேண்டும். 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் மற்றொரு பிடியையும் சேர்த்தது: அக்கெடுவுக்குள் பணம் தராத வணிக நிறுவனம், உண்மையில் தரும் ஆண்டு வரையில் அத்தொகையைத் தன் செலவாகக் காட்டி வருமானவரியைக் குறைத்துக்கொள்ள இயலாது. அதன்பின் மார்ச்சு மாதத்தில் சில நிறுவனங்கள் தாமே அழைத்துப் பணம் தருகின்றனவாம்.

உரிமை பற்றியும் அறிதல் வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, சம்பளத்துக்குப் பணிபுரிபவர் எழுதும் நிரலின் முதலுரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதலாளிக்கு. தனித்தொழில் புரிபவர் வெளியாருக்காக எழுதும் நிரலின் முதலுரிமை எழுதியவர்க்கே. எழுத்து மூலம் கையொப்பமிட்டு மாற்றிக் கொடுத்தாலன்றி அது மாறாது. மாற்றிக் கொடுக்கையில் காலம் குறிக்காவிடில் ஐந்தாண்டு என்றும், இடம் குறிக்காவிடில் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். ஆகவே ‘முழுத்தொகையும் பெற்ற நாளில் உரிமை மாறும்’ என்று ஒரு வரி எழுதிவைப்பது இருவர்க்கும் நன்று.

இங்கே ஒரு கசப்பான நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். ஏழாம் மாதம் அவள் நம்மிடம் வந்தபோது சேர்க்கைக் காலம் தொடங்கியிருந்தது. தளத்தின் பெயர்ப் பதிவும் கடவுச்சொற்களும் அவளிடமே இருந்தன. “ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், தளம் நின்றுவிடும், மறுநாளே பணம் வந்துவிடும். நிறுத்திவிடட்டுமா, டீச்சர்?” என்று கேட்டாள். அவள் குரலில் சினமில்லை, களைப்பே இருந்தது. நாம் உடனே விடை கூறவில்லை. நிறுத்துவதற்கு உன் ஒப்பந்தத்தில் இடமுண்டா என்று கேட்டோம். ஒப்பந்தமே இல்லை. விண்ணப்பம் போட வரும் பெற்றோர் உனக்கு ஏதேனும் கடன்பட்டவரா என்று கேட்டோம். அதற்கும் அவளிடம் விடையில்லை. பள்ளியின் பெயர் பள்ளிக்குரியது. அதனைத் தன் பெயரில் பதிந்து வைத்திருந்ததே முறையன்று. பெயரை வாடிக்கையாளர் பெயரிலேயே பதிந்து, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் பொறுப்பையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பணம் வராவிடில் தளத்தை நிறுத்தும் உரிமை வேண்டுமாயின், அதனை முதல் நாளே எழுதி, எத்தனை நாள் அறிவிப்புக்குப் பின் என்பதையும் சேர்த்து, இருவரும் கையொப்பமிட வேண்டும். பின்னர்ச் செய்தால் அது நிபந்தனை. இப்பொழுது செய்தால் அது மிரட்டல்.

அவள் நிறுத்தவில்லை. நாம் சொல்லச் சொல்ல ஒரு கடிதம் எழுதினாள். செய்த வேலைகளின் பட்டியல், முடிந்த நாள், தொகை, சட்டம் கூறும் கெடு, அவ்வளவே; ஒரு கடுஞ்சொல்லும் இல்லை. விடை வரவில்லை. இரண்டாவது கடிதத்துக்குப் பத்தாயிரம் வந்தது. மூன்றாவதற்குப் பின் மேலும் பத்தாயிரம். எஞ்சிய ஐயாயிரத்தை, பெயர்ப் பதிவைப் பள்ளிக்கு மாற்றிக் கொடுத்த அன்று தாளாளரே கையில் தந்தார். காலதாமதத்துக்கு வருந்துவதாகவும் சொன்னாராம். வட்டி கேட்டிருக்கலாமே என்று தணிக்கையாளர் சொன்னார். அடுத்த வேலையும் இதே ஊரில்தான் தேட வேண்டும் என்றாள் அவள்.

இப்பொழுது அவள் ஒரே காலத்தில் மூன்று பணிகளுக்கு மேல் ஏற்பதில்லை. ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் வாடிக்கையாளர் ஒவ்வொருவர்க்கும் ஒரு சிறு மடல் செல்கிறது: இவ்வாரம் செய்தது, அடுத்த வாரம் செய்வது, தங்களிடமிருந்து வரவேண்டியது. மூன்றாவது வரிதான் வேலையை நகர்த்துகிறது என்கிறாள். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக வரும் கட்டளைகளை அன்றே எழுத்தாக்கி, “தாங்கள் கூறியது இதுதானே?” என்று திருப்பி அனுப்புகிறாள். இது நம் வகுப்பறையில் சொல்வதெழுதுதல் நடத்தியபின் பலகையில் எழுதிச் சரிபார்த்த பழக்கமே. வேலை முடிந்து ஒப்படைக்கும் நாளில் கடவுச்சொற் பட்டியலைத் தந்து, பள்ளி எழுத்தர் ஒருவரை அருகில் அமர்த்தி, அறிவிப்பு ஒன்றை அவரையே வெளியிடச் செய்து காட்டிவிட்டு வருகிறாள். அதன்பின் வரும் சிறு பழுதுகளுக்கு முப்பது நாள் இலவசம். பிறகு ஆண்டுப் பராமரிப்புத் தொகை தனி. சில வேலைகளை மறுத்தும் இருக்கிறாள். முன்பணம் என்றதும் “எங்கள் மீது நம்பிக்கையில்லையா?” என்று கேட்டவர்கள் அவர்களுள் அடங்குவர்.

சென்ற மாதம் அதே பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. சேர்க்கைப் படிவத்தில் கட்டணம் செலுத்தும் வசதியையும் இணைக்க வேண்டுமாம். சின்ன வேலைதானே என்றார்களாம். அவள் மாற்றக் குறிப்புத் தாளை எடுத்து நான்கு நாட்கள், 13,200 ரூபாய், பாதி முன்பணம் என்று எழுதி, நேரில் கொண்டுபோய்த் தாளாளர் முன் வைத்தாள். அவர் நெடுநேரம் படித்தார், ஏன் இவ்வளவு என்று ஒருமுறை கேட்டார், அவள் கணக்கைச் சொன்னாள், கையொப்பமிட்டார். அத்தாளைப் பெருமையோடு நம்மிடம் கொண்டுவந்து காட்டினாள். கையொப்பம் இருந்தது, அதற்குக் கீழே நாள் குறிக்கப்படவில்லை. அதனையும் எழுதி வாங்கிவருமாறு அவளைத் திருப்பி அனுப்பினோம்.